தாய் சேய் நலப் பெட்டிகள்

"அந்தப் பெட்டிகளைக் குடுக்கப் போறோமா, சாமி?"

செங்கமலம் வாசற்படியிலேயே நின்று கேட்டாள். உள்ளே வந்து வணங்கவில்லை.

குரு நித்திலர் ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவளைவிட வயதில் இளையவர். ஆனாலும் அந்த மலை மடத்துக்கு அவர்தான் தலைவர். அவள் சீடர்களில் ஒருத்தி. பிறர் நம்பி ஒப்படைத்த பொருள்களை வைக்கும் காப்பறையின் சாவி அவள் இடுப்பில் இருந்தது.

"தனக்குள்ள விழுந்த கல் யாரோடதுன்னு ஏரி கேக்குறதில்லம்மா," என்றார் குரு.

"ஏரி காப்புக் கூலி வாங்குறதில்ல, சாமி. நாம வாங்குறோம்."



அந்தக் காப்பறையால்தான் மடத்துக்குப் பெயர். ஒரு காலத்தில் கீழே சமவெளி நாட்டில் போர் நடந்தபோது, எல்லை தாண்டி ஓடிவந்த பெண்கள் தாலியையும் குத்துவிளக்கையும் அங்கே வைத்துவிட்டுப் போனார்கள். துரத்தி வந்த சிப்பாய்களிடம் அன்றைய குரு எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. கொடுத்தவர் யாரென்று கேளாதே, உள்ளே என்னவென்று பாராதே என்று விதி வைத்தார்.

ஏழைகளுக்காக வைத்த விதி. ஏழைகளுக்குப் போட்ட பந்தியில் முதல் இலையில் வந்து உட்காருகிறவர் யார் என்பது ஊருக்கே தெரியும்.

சமவெளி நாட்டின் அதிபர் இப்போது பதவியிலிருந்து விழுந்துவிட்டார். தன்னை எல்லோரும் 'அப்பா' என்றே அழைக்க வேண்டும் என்று சட்டம் போட்டவர் அவர். ஜனங்கள் கஜானாவை உடைத்துப் பார்த்தபோது உள்ளே பல்லி ஓடியது. அப்பா விமானத்தில் போய்விட்டிருந்தார்.

அவருடைய மைத்துனர் வீரவாகு மட்டும் வேனோடு மலையேறி வந்து மடத்து விருந்தினர் அறையில் தங்கியிருந்தார். முன்பு காப்பறையில் வைத்த பெட்டிகளை எடுத்துக்கொண்டு போவதற்காக.

"பெட்டி மேல என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா, சாமி?"

"பாக்கக் கூடாதுங்கிறது விதி."

"உள்ளதான் பாக்கக் கூடாது. வெளிய வெள்ளை பெயிண்ட்ல, யானை கூடப் படிக்கிற மாதிரி எழுதியிருக்கு. தாய் சேய் நல நிதி."

குரு ஏரியிலிருந்து கண்ணை எடுத்தார்.

"அந்தத் தாயை நான் பாத்திருக்கேன். சேயையும் பாத்திருக்கேன்," என்றாள். சமவெளி நாட்டு அரசு ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டில், அவள் நர்ஸாக இருந்தவள். "கையுறை கிடையாது. காய்கறி வாங்குற பிளாஸ்டிக் பையைக் கையில கட்டிக்கிட்டுப் பிரசவம் பாத்தேன். கரண்ட் போய், குளிர்ல வெறச்சுப்போன குழந்தையை அவங்கப்பன் கையில குடுத்தேன். 'நல்லாத்தானே அழுதுச்சு சிஸ்டர், வெளிய நின்னு கேட்டேனே'ன்னான். அவனுக்கு என்ன பதில் சொல்ல? ஏரி, கல்லுன்னா?"

குரு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"உங்க அதிபர் பேர்ல என்ன இருக்கு?"

"ஒரு பசுமாடு. ஒரு கைக்கடிகாரம். தேர்தலுக்குத் தேர்தல் பேப்பர்ல போடுவாங்க."

"மத்ததெல்லாம்?"

"கப்பல், டிரைவர் பேர்ல. ஓட்டல், செத்துப்போன அத்தை பேர்ல. எங்கியோ ஒரு தீவுல ஒரு கம்பெனி. அதுக்கு முதலாளி இன்னொரு தீவுல இன்னொரு கம்பெனி. அதுக்கு முதலாளி அவர் வீட்டுச் சமையக்காரர். பாவம், அந்த ஆளு சம்பள பாக்கி கேட்டு அழுதுகிட்டிருக்காரு."

"மைத்துனர் பேர்ல?"

"ஒண்ணுமில்ல. நிதிக்கு அவர் கௌரவச் செயலாளர். அவ்வளவுதான்."

குரு எழுந்தார்.

"குடுத்திடுங்கம்மா."

செங்கமலம் சாவியை அவிழ்த்துத் தரையில் வீசினாள். கல்லில் பட்டு அது அவர் கால்வரை போனது.

"நீங்களே குடுங்க. இந்தக் கையால நான் மாட்டேன்."

குரு குனிந்து எடுத்து அவளிடமே நீட்டினார்.

"உங்க கையாலதான். வாசல்ல வச்சு. பழைய முறைப்படி."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சாவியை வாங்கிக்கொண்டாள்.

அன்னதான வேளை. மடத்து முற்றத்தில் பந்தி நடந்தது. அப்பாவின் ஆட்சிக்குப் பயந்து ஓடிவந்து இன்னும் ஊர் திரும்பாதவர்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குருவும் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

செங்கமலம் பெட்டிகளை அவர்கள் நடுவே கொண்டுவந்து வைக்கச் சொன்னாள்.

வீரவாகு வேகமாக வந்தார்.

"இங்க எதுக்கும்மா? வண்டி பின்வாசல்ல நிக்குது."

"பொருளைத் திருப்பித் தர்றது முன்வாசல்ல, ஐயா. பெட்டி மேல கை வச்சு, இது என்னுடையதுன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி மூணு தடவை சொல்லுங்க. எடுத்துட்டுப் போங்க."

அதுதான் பழைய முறை. குத்துவிளக்கைத் திரும்ப வாங்க வந்த பெண்கள் எல்லோரும் அப்படிச் சொல்லித்தான் வாங்கிப் போனார்கள். பெரிய மனிதர்கள் வரத் தொடங்கியதும், மரியாதைக் குறைவாக இருக்கும் என்று மடம் அதை விட்டுவிட்டது.

"இது நிதியோட பெட்டி," என்றார் வீரவாகு.

"அப்ப நிதி வந்து சொல்லட்டும்."

"நான் செயலாளர். கையெழுத்துப் போடுறேன். எத்தனை இடத்துல வேணும்?"

"கையெழுத்து வேண்டாம். வாய் வேணும்."

பந்தியில் ஒருத்தி பெட்டியின் எழுத்தை உரக்கப் படித்தாள். பக்கத்திலிருந்தவள் கேட்டாள்.

"யாருடி இவரு?"

"அப்பாவோட மச்சான்."

"அப்ப நமக்குத் தாய்மாமன்! சீர் கொண்டாந்திருக்காரு, எந்திரிச்சு வாங்குங்கடி!"

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் வீரவாகு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

அவர் கை பெட்டியை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. என்னுடையது என்றால் அவர் திருடர். இல்லை என்றால் வேன் காலியாகப் போகும். அத்தனை வருஷமாக யாருமே சொல்லாமல் பார்த்துக்கொண்ட ஒரு சொல், இப்போது அவரே சொல்ல வேண்டியிருந்தது.

அவர் குருவின் பக்கம் திரும்பினார்.

"என்ன சாமி, எத்தனை வருஷப் பழக்கம்! இந்த மண்டபத்துத் தேக்கு எங்கேர்ந்து வந்ததுன்னு நான் சொல்லட்டுமா? இவங்க திங்கிற சோறு யார் காசுன்னு சொல்லட்டுமா?"

முற்றத்தில் மெல்லுகிற சத்தம் நின்றது. ஒரு கிழவர் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை இலையில் திரும்ப வைத்தார்.

அந்தச் சோற்றைச் செங்கமலமும்தான் சாப்பிட்டிருக்கிறாள். சாவியைச் சுமந்திருக்கிறாள்.

குரு இலையை மடக்கினார். எழுந்தார். கை கழுவப் போகவில்லை. நேராகப் பெட்டியிடம் வந்து, வெள்ளை எழுத்துகளின் மேல் சோற்றுக் கையை வைத்தார்.

"இந்தத் திருட்டு என்னுடையது," என்றார்.

வீரவாகு சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"இந்தத் திருட்டு என்னுடையது."

பந்தியில் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள்.

"இந்தத் திருட்டு என்னுடையது."

மூன்றாவது முறை குருவின் குரல் உடைந்தது. செங்கமலம் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. வீரவாகுவின் பக்கம் திரும்பினாள்.

"அவர் சொல்லிட்டாரு. நீங்க சொல்லுங்க."