பின் சீட்டு அரைமணி

கைபேசிகள் இன்னும் கைப்பைக்குள் அடங்கிக் கிடந்த காலத்தில், இருகூரில் ஒரு ஸ்கூட்டரின் பின் சீட்டில் ஓர் அரைமணி நேரம் குடியிருந்தது.

அதற்கு வேறு வீடு கிடையாது. காலை எட்டே முக்காலுக்குப் பூங்கொடி வீட்டுக் கேட்டைச் சாத்தும்போது ஏறிக்கொள்ளும். ஒன்பதே காலுக்குக் கணபதியில் கம்பெனி ஷெட்டில் அவள் வண்டியை நிறுத்தும்போது இறங்கிக்கொள்ளும். சாயங்காலம் அதே இடத்தில் ஏறி, இருகூரில் இறங்கும். வண்டி வாங்கிய நாளிலேயே அதுவும் வந்தது. அதனால் ஸ்கூட்டருக்கும் அதற்கும் ஒரே வயது.

பூங்கொடி மோட்டார் பம்பு செய்யும் கம்பெனியில் புகார்ப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிணற்றில் தண்ணீர் ஏறவில்லை, மோட்டார் காயில் எரிந்துவிட்டது, ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லி நான்கு நாள் ஆகிறது என்று நாள் முழுவதும் யாராவது அவளைத் தேடுவார்கள். வீட்டில் மாமியாரின் மாத்திரை, மகளின் டியூஷன், ஷிப்டு முடிந்து வரும் கணவர் சம்பத்தின் சாப்பாடு. இரண்டு பக்கமும் அவளைப் பிடித்து இழுத்தன. நடுவில் இருந்த அரைமணியை மட்டும் யாரும் இழுக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

"நீ பின்னாடி உக்காந்து என்ன பண்ணறே?" என்று ஸ்கூட்டர் ஒருமுறை கேட்டது.

"ஒண்ணும் பண்ணறதில்லை."

"அதுக்கா தினமும் வர்றே?"

"அதுக்குத்தான் வர்றேன். வேற யாரும் அந்த வேலைக்கு வர மாட்டீங்கறாங்களே."

ஸ்கூட்டருக்கு அது சொன்னது மெல்லத்தான் விளங்கியது. பூங்கொடியின் கைகள் வழியாக விளங்கியது. வீட்டிலிருந்து கிளம்பும்போது ஆக்சிலேட்டரை இறுக்கிப் பிடித்திருக்கும் கை, ஒண்டிப்புதூர் தாண்டியதும் தளரும். சிங்காநல்லூரில் குளத்துக் காற்று வரும்போது விரல்கள் வெறுமே மேலே கிடக்கும். ஒரு வருஷம் முழுக்க அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவள் அப்பா இறந்த மாதத்தில், இருகூரிலிருந்து ரயில் கேட் வரைக்கும் ஹெல்மெட் கண்ணாடிக்குள் அழுதுவிட்டு, கேட்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். பிறக்கப்போகும் மகளுக்குத் தேன்மலர் என்று பெயர் வைத்ததும் அந்தக் கேட்டில்தான். கூட்ஸ் வண்டி போக நேரமாகும். எல்லாரும் இன்ஜினை அணைத்துவிட்டுக் காலை ஊன்றி நிற்பார்கள். யாரும் யாரையும் கூப்பிடாத ஒரு கூட்டம் அங்கே சும்மா நிற்கும்.

இப்போது அங்கே பாலம் வந்துவிட்டது. யாரும் நிற்பதில்லை.

பாலம் வருவதற்கு முன்னால் ஒரு வருஷம், ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் லேத்துகளையும் டிரில்லிங் மிஷின்களையும் கழுவித் துடைத்துச் சந்தனம் வைத்தார்கள். வாகனங்களை முற்றத்தில் வரிசையாக நிறுத்தி வாழைக்கன்று கட்டினார்கள். கருவிகளுக்கு வருஷத்தில் ஒருநாள் ஓய்வு. அன்றைக்கு அவற்றைத் தொடக் கூடாது. ஸ்கூட்டர் நெற்றியில் குங்குமத்தோடு வெயில் காய்ந்தது.

பூங்கொடி தன் கைபேசிக்கும் ஒரு பொட்டு வைத்துச் சாமி படத்தின் முன்னால் வைத்திருந்தாள். பூசாரி கற்பூரத்தைக் காட்டும்போது அது அடித்தது. பூசாரி தட்டைப் பிடித்தபடி நின்றார்.

"எடுங்கம்மா, எடுத்துப் பேசுங்க. சாமி எங்கயும் போயிராது" என்றார்.

வழக்கமாகப் பொரி கடலையோடு ஒரு எவர்சில்வர் பாத்திரம் தருவார்கள். அந்த வருஷம் மேனேஜர் தனசேகர் ஆளுக்கொரு ஹெல்மெட் கொடுத்தார். உள்ளே காதுப் பக்கம் ஸ்பீக்கர் வைத்த ஹெல்மெட்.

"ஹெல்மெட்டுக்குள்ள போனைச் சொருகிட்டு வர்றதைப் பாத்தா எனக்குப் பகீர்னு இருக்குங்க. இனி அந்தப் பயமில்லை. ரோட்டுல வந்தாலும் கையை விடாம பேசலாம்" என்றார்.

எல்லாரும் கை தட்டினார்கள். பூங்கொடியும் தட்டினாள்.

மறுநாள் விஜயதசமி. அதற்கு அடுத்த நாள் காலையில் புது ஹெல்மெட் அவள் தலையில் ஏறியது.

"என்ன பெருசு" என்றது கைபேசி. "இத்தனை நாள் என்னை டிக்கிக்குள்ள போட்டு மூடி வெச்சிருந்தீங்க. இப்ப நேரா காதுக்கே வந்துட்டேன்."

"வா வா. எடமிருக்கு" என்றது ஸ்கூட்டர். அதற்கு அப்போது ஒன்றும் தெரியவில்லை.

ஒண்டிப்புதூரில் தனசேகர் கூப்பிட்டார். கொடுமுடி மோட்டார் என்னாச்சு என்றார். சிங்காநல்லூரில் கொடுமுடிக்காரரே கூப்பிட்டார். அன்றைக்குக் கம்பெனி ஷெட்டில் நின்றதும் ஸ்கூட்டர் பின்னால் பார்த்தது. அரைமணியைக் காணோம்.

சாயங்காலம் அது வந்தபோது மெலிந்திருந்தது.

"காலையில எங்க போனே?"

"ஒண்டிப்புதூர்லயே எறங்கிட்டேன். மேனேஜர் ஏறுனாரு. ரெண்டு பேருக்கு எடமில்லை."

அடுத்த வாரம் அது தெருமுனையோடு இறங்கியது. சாயங்காலங்களில் மாவு வாங்கி வா, கரண்டு போச்சு, சீக்கிரம் வா என்று வீடு ஏறிக்கொண்டது. பூங்கொடியின் கை இருகூரிலிருந்து கணபதி வரை ஒரே இறுக்கமாக இருந்தது. ரயில் கேட் திறந்ததுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டு நின்றாள். பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். ஒருநாள் ஹோப் காலேஜ் பக்கத்தில், "சரிங்க சார், சரிங்க சார்" என்று சொல்லிக்கொண்டே ஒரு பால் வண்டியின் மேல் போகப் பார்த்தாள். ஸ்கூட்டர் தன் தேய்ந்த பிரேக்கை எல்லாம் கூட்டிப் பிடித்து நின்றது. அவள் பால்காரரிடம் மன்னிப்புக் கேட்டாள். காதுக்குள் இருந்தவர் தன்னிடம்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "பரவால்ல, நாளைக்குள்ள முடிங்க" என்றார்.

அன்று சாயங்காலம் வழியில் மாவு வாங்க இறங்கியவள் கைபேசியை வண்டியிலேயே மறந்துவிட்டுப் போனாள். ஸ்கூட்டர் அதனிடம் பேசிப் பார்த்தது.

"அந்தப் புள்ளைய கொஞ்சம் விடேன்."

"நான் எங்கீங்க புடிச்சிருக்கேன்? கூப்படறது அவங்க. நான் வாய் மட்டுந்தான்" என்றது கைபேசி. "ஆயுத பூஜையன்னிக்கு நீங்கெல்லாம் காலை நீட்டிப் படுத்திருந்தீங்க. நான் அன்னிக்குப் பதினாலு கால் எடுத்தேன். நெத்தியில பொட்டோட."

ஸ்கூட்டருக்கு அதற்கு மேல் அதைத் திட்ட மனசு வரவில்லை.

பின் சீட்டில் எதுவோ முனகியது. அரைமணி நிழலைப் போல ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒரு வாரம் தாங்குவேன். அதுக்கப்புறம் என்னைத் தேடாதே" என்றது.

"நீ போயிட்டா அவ என்ன ஆவா?"

"ஒண்ணும் ஆக மாட்டா. வீட்டுல இருப்பா, ஆபீஸ்ல இருப்பா. நடுவுல இருக்க மாட்டா. அவ்வளவுதான்."

ஸ்கூட்டரிடம் ஒரு ரகசியம் இருந்தது. அதன் சைலன்சரில் துரு அரித்து ஒரு ஓட்டை விழுந்திருந்தது. மெக்கானிக் சையது அதன் மேல் ஒரு தகடு வைத்து, கிளாம்ப் போட்டு முறுக்கியிருந்தார். அப்போது சம்பத் சொன்னதை ஸ்கூட்டர் மறக்கவில்லை. "இனி ஒருதடவை சத்தம் போட்டா எக்ஸ்சேஞ்சுல தள்ளி விட்டரலாம். புது வண்டியெல்லாம் ஓடுறதே தெரியறதில்லை." அன்றிலிருந்து அது ஒவ்வொரு வேகத்தடையிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தகட்டை நழுவ விடாமல் ஏறி இறங்கியது.

"நான் அந்தத் தகட்டை விட்டரலாம்னு பாக்கறேன்" என்றது ஸ்கூட்டர்.

அரைமணி நிமிர்ந்து உட்கார்ந்தது. "உன்னை வித்துருவாங்க."

"விக்கட்டும்."

"அப்ப நான் யார்கூடப் போறது?"

"சத்தமில்லாத வண்டி ஒண்ணு வரும். அதுல ஏறிக்க."

"நல்லா ஏறுனேன் போ. அதுலதான் போனு தேனாட்டம் கேக்கும்."

இருவரும் போன வழிகளை நினைத்துக்கொண்டார்கள். காமராஜர் ரோட்டில் முன்பு வேம்புகள் இருந்தன; சித்திரையில் பூ உதிர்ந்து சீட்டில் கிடக்கும். பூங்கொடி அதைத் தட்டிவிடாமல் அப்படியே உட்கார்ந்து போவாள்.

மறுநாள் காலை அதே ரோட்டில் ஒரு வேகத்தடை வந்தது. காதுக்குள் தனசேகர் பேசிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டர் மூச்சைப் பிடிக்கவில்லை.

தகடு கழன்று சாக்கடையில் போய் விழுந்தது. ஸ்கூட்டர் இருபது வயதில் முதல் முறையாக வேண்டுமென்றே வாய்விட்டுக் கத்தியது. டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். ஒரு நாய் எழுந்து ஓடியது.

"ஹலோ? பூங்கொடி? அங்க என்ன கிரஷரா ஓடுது?"

"வண்டிங்க சார். சைலன்சர்..."

"என்ன? கேக்கலை."

"சைலன்சர் சார்."

"ஒண்ணும் கேக்கலை. வந்து பேசுங்க."

அவர் வைத்துவிட்டார். அதன் பிறகு இரண்டு பேர் கூப்பிட்டு, ஹலோ ஹலோ என்று சொல்லிப் பார்த்து வைத்துவிட்டார்கள். ஹோப் காலேஜ் வருவதற்குள் கைபேசி ஓய்ந்துபோனது.

பூங்கொடி முதலில் கூச்சத்தில் பக்கத்தில் வருகிறவர்களைப் பார்க்காமல் ஓட்டினாள். பீளமேடு தாண்டும்போது விரல்கள் தளர்வதை ஸ்கூட்டர் உணர்ந்தது. பெருமழைக்கு நடுவில் நிற்கிற மாதிரி சுற்றிலும் இரைச்சல். உள்ளே யாரும் இல்லை. அவள் வாயைத் திறந்து ஒரு பாட்டைப் பாடினாள். அது அவளுக்கே கேட்கவில்லை. பின் சீட்டில் மெல்ல ஒரு கனம் வந்து உட்கார்ந்தது.

"புல்டோசர்லயா வந்தீங்?" என்றார் வாட்ச்மேன் ரங்கசாமி.

"ஆமாங்ணா. பஸ்ஸை விட்டுட்டேன்" என்றாள் அவள். அவள் இப்படிப் பதில் சொல்லி ரங்கசாமி கேட்டதில்லை.

பத்து நாள் அப்படி ஓடியது. "ரோட்டுல பூங்கொடிக்குக் கேக்காது, ஒம்பதரைக்குக் கூப்பிடுங்க" என்று தனசேகரே மற்றவர்களிடம் சொல்லத் தொடங்கினார். ஆனால் தெருவில் ஒரு கைக்குழந்தை இருந்தது. அதன் அம்மா வந்து, பாப்பா முழிச்சுக்கறாக்கா என்று சொல்லிவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை சம்பத் எக்ஸ்சேஞ்ச் மேளா நோட்டீசை மடித்து அவள் கையில் கொடுத்தார்.

"சையதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு விட்டரு. இனி என்னத்துக்கு இது?"

அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். வேலை நாள் இல்லை என்றாலும் பின் சீட்டில் அரைமணியும் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு வந்தது.

சையது குனிந்து ஓட்டையைப் பார்த்தார். "புது சைலன்சர் போட்டா சத்தமே இருக்காதுங்கக்கா. இல்லை, எக்ஸ்சேஞ்சுல போறதுன்னா போங்க. எப்படியும் நிம்மதியா போன் பேசிட்டுப் போலாம்."

பூங்கொடி நோட்டீசை விரித்துப் பார்த்தாள். அதில் ஒரு பெண் புது வண்டியில் உட்கார்ந்து, காதில் எதையோ மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். பூங்கொடி அந்தச் சிரிப்பையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நோட்டீசை மடித்து, எண்ணெய்க் கை துடைக்கச் சையதிடம் கொடுத்தாள்.

"சைலன்சர் வேண்டாங்ணா. தகடே வைங்க. முழுசா மட்டும் அடைக்க வேண்டாம்."

"அப்புறம்?"

"தெருவுல குழந்தை தூங்கோணும். ஆனா போன் கேக்கக் கூடாது."

சையது நிமிர்ந்தார். முப்பது வருஷமாக எல்லாரும் அவரிடம் சத்தத்தைக் குறைக்கத்தான் சொல்லியிருந்தார்கள். எவ்வளவு சத்தம் வேண்டும் என்று அவர் யாரையும் கேட்டதில்லை. சிரிக்கலாமா என்று அவள் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஒரு தகடு எடுத்து வைத்து, கிளாம்ப் மாட்டினார்.

"ஹெல்மெட்டைப் போட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க. நான் போன்ல கூப்படறேன்" என்றார்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். அவர் கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஸ்பேனரால் முறுக்கினார்.

"கேக்குதுங்களாக்கா?"

"நல்லாக் கேக்குது. இன்னும் கொஞ்சம் லூஸ் பண்ணுங்க."

"இப்ப?"

"வார்த்தை புரியுது. இன்னுங் கொஞ்சம்."

சையது அரைச் சுற்று தளர்த்தினார். "இப்பங்க்கா?" என்றார். பதில் இல்லை. "அக்கா, கேக்குதுங்களா?" என்று மறுபடி கேட்டார். அவள் இரண்டு கையையும் ஹேண்டில்பாரில் வெறுமே வைத்துக்கொண்டு எதிரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சையது மூன்றாம் முறை கேட்கவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, இணைப்பைத் துண்டித்தார்.