குருவி நுழையும் வளையம்

ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய காடு. அந்தக் காடு முடியும் இடத்தில் ஓர் ஏரி. நம் ஊர்க் குளங்களில் ஜிலேபிக் கெண்டை என்று ஒரு மீன் பிடிக்கிறார்களே பிள்ளைகளே, அதற்குத் தாய்வீடு அந்தக் கண்டத்துத் தண்ணீர்தான். இந்த ஏரியிலும் அது ஏராளம். குஞ்சுகளை வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும் மீன் அது. அப்படிப் பொத்திப் பொத்தி வளர்க்கும் மீனுக்கே ஒரு காலத்தில் ஆபத்து வந்தது.

ஏரிக்கரைப் பொந்து ஒன்றில் ஒரு நீர்நாய் தன் மனைவியோடும் குட்டிகளோடும் குடியிருந்தது. அது வளர்ந்த மீனை மட்டும்தான் பிடிக்கும். குட்டி மீன் அகப்பட்டால், "போ, வளர்ந்துட்டு வா" என்று தண்ணீரிலேயே விட்டுவிடும். மழைக்காலத்தில் மீன்கள் குஞ்சு பொரிக்கும். அந்த மாதங்களில் நீர்நாய் ஏரியில் இறங்கவே இறங்காது.

அப்படியானால் மழைக்காலத்தில் குடும்பம் எதைச் சாப்பிடும்? கிழங்கைத்தான். கரையோரத்து அத்திமரத்தடியில் சந்தை கூடும். காட்டு விலங்குகள் கிழங்கும் தேனும் வாழைக்காயும் கொண்டுவரும். நீர்நாய், கொக்கு போன்ற ஏரிக்காரர்கள் மீன் கொடுத்து அவற்றை வாங்கிக்கொள்வார்கள். மழைக்கு முன் பொந்தில் கிழங்கு நிறைந்தால்தான் நீர்நாயின் குட்டிகளுக்கு உயிர்.

ஆனால் கிழங்கு நிறைவதாக இல்லை. காரணம் கூழைக்கடா. அதன் அலகுக்குக் கீழே ஒரு பை தொங்கும் அல்லவா? அதைத் தண்ணீரில் விட்டு ஒரே வாரு வாரும். பெரிது, சிறிது, நேற்றுப் பிறந்தது என்று எந்தப் பேதமும் கிடையாது. சந்தையில் அது மீனை மலையாகக் குவிக்கும். பக்கத்தில் நீர்நாயின் கூடை பாதிதான் நிறைந்திருக்கும். வாங்குகிறவர்களுக்கோ மீன் என்றால் மீன்தான். இரண்டுக்கும் ஒரே விலை.

ஒரு நாள் காட்டுப்பன்றி ஒரு மீனை மென்றுவிட்டுத் துப்பியது. காட்டிலேயே அதிகக் கிழங்கு தோண்டுவது அதுதான். மனதில் பட்டதைப் பட்டென்று பேசும்.

"என்னப்பா மீன் இது? வாயெல்லாம் முள்ளு. வர வர உங்க ஏரி மீன் விரல் கனம்கூட இல்லையே?"

"வளர விட்டாத்தானே அண்ணே கனம் இருக்கும்?" என்றது நீர்நாய். "குட்டியா இருக்கும்போதே வாரிட்டா, அது முட்டையிடுறது எப்போ? என் கூடையிலே பாருங்க. எல்லாம் வளர்ந்த மீன்."

காட்டுப்பன்றி கூடைக்குள் மூக்கை நுழைத்தது. "நீ சொல்றது நிஜமாத்தான் இருக்கும். ஆனா சந்தையிலே எல்லாரும் என் மீன்தான் உசத்திங்கிறான். கூட்டத்திலே ஒவ்வொன்னையா புரட்டிப் பார்த்து வாங்க யாருக்குப் பொழுது இருக்கு? பார்த்ததும் தெரியற மாதிரி ஒரு அடையாளம் காட்டு. நான் கிழங்கு கூடவே தர்றேன்."

அன்று நீர்நாய் யோசனையோடு வீடு திரும்பியது. அடையாளம் என்று எதைக் காட்டுவது? மீனின் நெற்றியில் எழுதி ஒட்டவா முடியும்?

பொந்துக்கு மேலே கோரைப் புதர் தண்ணீரை நோக்கிச் சாய்ந்திருந்தது. அதில் ஒரு தூக்கணாங்குருவி கூடு பின்னிக்கொண்டிருந்தது. வாசலைப் பின்னும், உள்ளே நுழையும், வெளியே வரும், ஒரு கோரை நாரை இழுத்துவிடும், மறுபடி நுழையும். நீர்நாய் நெடுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தது.

"ஏன் தம்பி, எத்தனை கூடு கட்டினாலும் உன் வாசல் ஒரே அளவா இருக்கே. எதை வெச்சு அளக்கிற?"

"என்னை வெச்சுத்தான்" என்றது குருவி. "நான் நுழையணும், என்னைவிடப் பெருசு எதுவும் நுழையக் கூடாது. வேற அளவுகோல் எதுக்கு?"

நீர்நாய் துள்ளி எழுந்தது. "அதே அளவிலே எனக்கு வளையம் பின்னித் தருவியா?"

விஷயம் இதுதான். மீனின் தலை வழியாக வளையத்தை மாட்ட வேண்டும். வளர்ந்த மீன் என்றால் வளையம் கழுத்துக்கு அப்பால் போகாமல் சிக்கி நிற்கும். குட்டி மீன் என்றால் வால் வழியாக நழுவிக் கீழே விழுந்துவிடும். வளையம் நின்றால் சந்தைக்கு, விழுந்தால் தண்ணீருக்கு.

குருவிக்கு யோசனை பிடித்திருந்தது. கூட்டுக்கு வரும் பாம்பை விரட்டித் தருவதாக நீர்நாயும் ஒப்புக்கொண்டது. "ஆனா ஒன்னு" என்றது குருவி. "நான் பின்னினதை நீங்க இறுக்கவும் கூடாது, தளர்த்தவும் கூடாது. என் வளையத்துலே நான் நுழைஞ்சு வரணும். வராட்டி அது என் வளையம் இல்லே."

"சரி தம்பி" என்றது நீர்நாய்.

அடுத்த சந்தையில் நீர்நாயின் மீன்கள் கழுத்தில் பச்சை வளையத்தோடு மாப்பிள்ளைகள் மாதிரி படுத்திருந்தன. காட்டுப்பன்றி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, விவரம் கேட்டு, சொன்ன சொல் தவறாமல் கிழங்கை அள்ளிக் கொடுத்தது. அதைப் பார்த்து மற்ற விலங்குகளும் வளையம் போட்ட மீனைத் தேடின. கொக்கும் மீன்கொத்தியும்கூடக் குருவியிடம் வந்து, "எங்களுக்கும் பின்னிக் கொடு, நாங்களும் குட்டி மீனைத் தொட மாட்டோம்" என்றன. நீர்நாயின் பொந்தில் கிழங்கு உயர்ந்துகொண்டே வந்தது.

இதையெல்லாம் கூழைக்கடா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. வளையம் எதற்கு என்று அது யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கு நல்லது. கேட்டுத் தெரிந்துகொள்வது தன் அந்தஸ்துக்குக் குறைவு என்று நினைத்துவிட்டது. "மீனுக்கு நகை போட்டா விலை ஏறுது. அவ்வளவுதானே" என்று முடிவு கட்டியது.

மழைக்கு முந்தைய கடைசிச் சந்தை நெருங்கியது. பொந்தில் இன்னும் கொஞ்சம் கிழங்கு போட்டால் போதும். ஆனால் அந்த நேரம் பார்த்துக் காற்று கிளம்பி ஏரியைக் கலக்கிவிட்டது. சேற்றுத் தண்ணீரில் நீர்நாய்க்குக் கண்ணே தெரியவில்லை. நாள் முழுக்க முங்கி முங்கி எழுந்தும் கூடை நிறையவில்லை. கடைசியாக ஒரு மீன் அகப்பட்டது. வளையத்தை மாட்டியது. வளையம் கழுத்தைத் தாண்டியது, வயிற்றைத் தாண்டியது, வால் வழியாக நழுவி மணலில் விழுந்தது.

நீர்நாய் மீனைப் பார்த்தது. பொந்தில் குட்டிகளின் சத்தம் கேட்டது. "கொஞ்சம்தானே சின்னது. இன்னும் ரெண்டு நாள் விட்டா வளர்ந்திடும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டது. வளையத்தில் ஒரு நாரை மட்டும் முறுக்கியது. மறுபடி மாட்டியபோது கச்சிதமாக நின்றது.

யாரும் பார்க்கவில்லை. இருந்தாலும் குருவிக் கூட்டின் பக்கம் நிமிர்ந்து பார்க்க நீர்நாய்க்கு என்னவோ போல் இருந்தது.

மறுநாள் சந்தைக்குப் போனால், அங்கே ஒரு வேடிக்கை. கூழைக்கடா மலையாகக் குவித்திருந்த மீனில் ஒவ்வொன்றின் கழுத்திலும் பச்சை வளையம். கோரையைத் தன் அலகாலேயே கிழித்து, ஒவ்வொரு பொடி மீனுக்கும் பொருந்துகிற அளவில் சின்னச் சின்னதாகக் கட்டியிருந்தது.

"வாங்க வாங்க, எல்லாம் வளையம் போட்ட மீன்" என்று கூவியது கூழைக்கடா. கூட்டம் மொய்த்தது. காட்டுப்பன்றியும் ஆவலாக ஒன்றை எடுத்துக் கடித்தது. கடித்த வேகத்தில் துப்பியது.

"மறுபடியும் முள்ளு. வளையம் போட்ட மீனும் இதே லட்சணம்தானா?" அதன் பிடரி மயிர் சிலிர்த்தது. "வளையம்னு சொல்லிச் சொல்லியே என் கிழங்கை எல்லாம் வாங்கிட்டீங்க. இனிமே எவன் வளையத்துக்கும் ஒரு கிழங்குகூடக் கூடுதலாக் கிடையாது."

"ஆமா, ஆமா" என்று மற்ற விலங்குகளும் கத்தின.

நீர்நாய் யோசித்தது. வளையத்தின் பெயர் கெட்டால் கிழங்கு இல்லை. கிழங்கு இல்லாவிட்டால் மழைக்காலத்தில் ஏரியில் இறங்க வேண்டியதுதான். தான் இறங்கினால் கொக்கு இறங்கும், மீன்கொத்தி இறங்கும். அப்புறம் அந்த ஏரியில் மீன் ஏது?

பொய் வளையத்தைக் கண்டுபிடிக்கும் வழி நீர்நாய்க்குத் தெரியும். ஆனால் அந்த வழியில் போனால் தன் கூடையில் கிடக்கும் அந்த ஒரு வளையமும் மாட்டிக்கொள்ளும். வாயைத் திறப்பதா, மூடிக்கொண்டு போவதா? பாவம், அது தவித்த தவிப்பு சொல்லி முடியாது. கடைசியில் முன்னால் வந்தது.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. எது நிஜ வளையம், எது பொய் வளையம்னு பார்க்க வழி இருக்கு. பின்னின குருவியே வரட்டும். தான் நுழையற அளவிலேதான் அது பின்னும். அது நுழைஞ்சு வந்தா நிஜம்."

கூழைக்கடாவுக்குத் திக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்குமா? "தாராளமாப் பார்க்கட்டும். ஆனா முதல்லே உன் கூடையிலேருந்து ஆரம்பிக்கட்டும்" என்றது.

குருவி வந்து அத்திக் கிளையில் உட்கார்ந்தது. நீர்நாய் கூடைக்குள் கையை விட்டு அந்த ஒரு மீனை எடுத்தது.

"இதைச் சோதிக்க வேண்டாம்" என்றது. "இது குட்டி மீன். வளையத்தை நான்தான் முறுக்கினேன்."

சொல்லிவிட்டு, முறுக்கிய நாரைத் தளர்த்தியது. வளையம் மீனின் உடம்பில் வழுக்கிக்கொண்டு போய், வால் வழியாகத் தரையில் விழுந்தது. சந்தையே அதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"பார்த்தீங்களா? பெரிய யோக்கியன்" என்று கூழைக்கடா பை குலுங்கச் சிரித்தது. குருவி சிரிக்கவில்லை. "என் வளையத்தையா அண்ணே முறுக்கினீங்க?" என்று மட்டும் கேட்டது.

காட்டுப்பன்றி கீழே விழுந்த வளையத்தை முகர்ந்து பார்த்தது. "கேக்கறதுக்கு முன்னாடியே ஒன்னை எடுத்துக் காட்டிட்டான். அதனாலே மத்ததை நம்பிடலாம்னு நான் சொல்ல மாட்டேன். குருவி, நீ நுழைஞ்சு பாருப்பா."

நீர்நாயின் மற்ற மீன்களிலிருந்து வளையங்களைக் கழற்றிப் பிடித்தார்கள். குருவி இறக்கையை ஒடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றிலும் அந்தப் பக்கம் நுழைந்து இந்தப் பக்கம் வந்தது. ஒன்றில்கூட உரசவில்லை.

பிறகு கூழைக்கடாவின் குவியல். முதல் வளையத்தில் குருவியின் அலகு நுழைந்தது, தலை நுழையவில்லை. அடுத்ததில் தலை நுழைந்து கழுத்தோடு மாட்டிக்கொண்டது. கால்களை உதைத்துத்தான் அது விடுபட வேண்டியிருந்தது. அதற்கடுத்ததில் அலகே நுழையவில்லை. பார்த்துக்கொண்டிருந்த கீரிக் குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தன.

"வெயில்லே காய்ஞ்சு வளையம் சுருங்கியிருக்கும்" என்றது கூழைக்கடா.

"வளையம் சுருங்கும். மீனும் சேர்ந்தா சுருங்கும்?" என்று கேட்டது காட்டுப்பன்றி.

கூழைக்கடா இறக்கையை விரித்தது. தன் குவியலை அப்படியே போட்டுவிட்டு ஏரியின் மறுகரைக்குப் பறந்துபோனது. குவிந்து கிடந்த அந்தப் பொடி மீன்களைப் பார்க்க எல்லோருக்கும் வருத்தமாக இருந்தது. இனி தண்ணீரில் விட்டாலும் அவை நீந்தப் போவதில்லை.

காட்டுப்பன்றி நீர்நாயின் பக்கம் திரும்பியது. "குருவி நுழைஞ்ச வளையத்துக்கெல்லாம் பேசின கிழங்கு உண்டு. இந்த ஒன்னுக்குக் கிடையாது."

"வேண்டாம் அண்ணே" என்றது நீர்நாய்.

அந்த மழைக்காலத்தில் நீர்நாயின் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் அரை வயிற்றோடுதான் படுத்தார்கள். ஆனாலும் யாரும் ஏரியில் இறங்கவில்லை. கொக்கு இறங்கவில்லை, மீன்கொத்தி இறங்கவில்லை. பொடி மீனை வாங்க ஆளில்லாததால் கூழைக்கடாவும் இந்தப் பக்கம் வரவில்லை. தண்ணீருக்குள் தாய் மீன்கள் வாய் திறந்து குஞ்சுகளை வெளியே விட்டு, மறுபடி வாய்க்குள் கூப்பிட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தன.

மழை விட்டது. வெயில் வந்த முதல் நாளே நீர்நாய் ஏரியில் இறங்கி ஒரு நல்ல மீனைப் பிடித்தது. அதைக் கரையோரத் தண்ணீரில் பிடித்து வைத்துக்கொண்டு கோரைப் புதரடியில் வந்து நின்றது. வளையம் கேட்க அதற்குக் கூச்சமாக இருந்தது.

குருவி தானாகவே புது வளையம் ஒன்று பின்னியது. நீர்நாய் கையை நீட்டியது.

"இருங்க அண்ணே" என்றது குருவி. "நுழைஞ்சு பார்த்துட்டுத் தர்றேன்."

"பாரு தம்பி. சந்தையிலே எல்லார் முன்னாடியும் இன்னொரு தரம் பாரு" என்று சொல்லிவிட்டு நீர்நாய் காத்து நின்றது.

நீதி: நேர்மைக்கு அடையாளம் போட்டுக்கொள்வது எளிது, அந்த அடையாளத்தைப் பிறர் சோதிக்கத் தானே முதலில் முன்வருபவனுக்கே நேர்மை சொந்தம்.