ஐந்தாவது டம்ளர்

கவிஞர் தாணுமாலயன் மடத்துக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானப் பந்தி முடிந்திருந்தது. சாமி கிணற்றடியில் குத்தவைத்து உட்கார்ந்து டம்ளர் விளக்கிக்கொண்டிருந்தார்.

சாமிக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபத்தொன்று. வயது என்ன செய்யும்? மனசு கனத்தால் தாணுமாலயனுக்குப் போக வேறு இடம் கிடையாது.

"வாங்க ஐயா. நாவலுக்குப் பரிசு கிடைச்சுதாமே. சால்வை எத்தனை?"

"பதினொண்ணு சாமி. பீரோ கதவைச் சாத்த முடியல."

"ரெண்டை இங்க அனுப்புங்க. கன்னுக்குட்டி குளிர்ல நடுங்குது."

தாணுமாலயன் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"அக்கா என்கூடப் பேசுறதில்ல சாமி. ஆறு மாசமாச்சு. வர்ற ஆவணியில அவ மகளுக்குக் கல்யாணம். ஊருக்கெல்லாம் பத்திரிகை வச்சாச்சு. தாய்மாமன் எனக்கு வரல."

எல்லாம் அந்த நாவலால் வந்ததுதான். இருபத்தைந்து வருஷம் அவர் கவிதை எழுதினார். ஒருத்தரும் சண்டைக்கு வரவில்லை. அப்புறம் முதல் நாவல் வந்தது. அதில் படுக்கையில் கிடக்கிற தாயைப் பார்த்து மூத்த மகள், "நீ போய்ச் சேரவும் மாட்டேங்கியே" என்று கத்துவாள். படித்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தில் அழுதார்களாம். அக்காவும் படித்தாள். தம்பி வந்தபோது வாசல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அக்கா அப்படிச் சொன்னது நிஜமா?"

"நிஜம்தான் சாமி. நான் பொய் எழுதல. இப்ப ரெண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகுது. முதல் பக்கத்துல 'யாவும் கற்பனை'ன்னு ஒரு வரி போட்டுட்டா அக்கா சமாதானம் ஆயிடுவாங்கன்னு பதிப்பகத்துல சொல்றாங்க. நடந்ததைப் போய்க் கற்பனைன்னு சொல்ல எனக்கு மனசு ஒப்பல. போடலாமா, வேண்டாமா?"

சாமி கழுவிய டம்ளர்களை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அந்த வீட்டை எனக்குக் காட்டுங்க. ஆளுக்கு ஒரு டம்ளர். நாவல்ல இருக்கிறபடியே வைங்க."

தாணுமாலயன் துவைக்கிற கல்லின்மேல் ஒவ்வொன்றாக வைத்தார்.

"இது அம்மா. பக்கத்துலயே அக்கா. இது அத்தான், வேலைன்னு எப்பவும் வெளியில. இது அக்கா மக. அப்ப ஸ்கூல் போற புள்ள."

நான்கு டம்ளர்.

"அக்கா எத்தனை நாள் அம்மாவைப் பார்த்தாங்க?"

"பதினாலு மாசம். தூக்கி உட்கார வைக்கிறது, துடைக்கிறது, கஞ்சி புகட்டுறது, எல்லாம் அவதான்."

"அதுல எத்தனை தடவை அப்படிக் கத்தினாங்க?"

தாணுமாலயன் டம்ளரைப் பார்த்தபடி சொன்னார். "ஒரே தடவை."

"அது உங்க காதுல எப்படி விழுந்தது?"

"அப்ப நானும் அந்த வீட்லதான். பக்கத்து ரூம்ல இருந்தேன்."

"கதவு?"

"சாத்தியிருந்தது. எழுதிக்கிட்டு இருந்தேன்."

"என்ன எழுதினீங்க?"

தாணுமாலயன் அம்மா டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"அம்மாவைப் பத்தி ஒரு கவிதை."

சாமி தலையாட்டினார். ஐந்தாவது டம்ளரை எடுத்துத் தண்ணீர் சொட்டச் சொட்ட அவரிடம் நீட்டினார்.

"கவிதையில வரிக்கு வரி 'நான், நான்'னு வருவீங்களே ஐயா. இதை எங்க வைக்கலாம்?"

தாணுமாலயன் கை நீட்டினார். வாங்கினார். கல்லின்மேல் இடம் நிறையவே இருந்தது. டம்ளரை வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

சாமி அடுத்த பாத்திரத்தை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்.

"புத்தகம் அப்படியே இருக்கட்டும்னா, அந்த வரியைத் தாராளமாப் போடுங்க. பொய் இல்ல. நீங்க இல்லாத வீடு கற்பனைதானே?"