வால்ரஸ் தூக்கிய நாற்காலி

"சாமி, உண்மையச் சொன்னா சிநேகிதம் போயிடுமா?"

பூவராகன் இப்படிக் கேட்டபோது பரங்கிச் சாமி நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அவர் முன்னால் அரிவாள்மணை இருந்தது. பக்கத்தில் பாதிப் பரங்கிக்காய் இருந்தது.

மலையடிவாரத்தில் இருக்கும் அந்த ஆசிரமத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கேள்வியோடு வருகிறவர் யாராக இருந்தாலும் மதியச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்கித் தரவேண்டும். காய் தீரும்வரை கேட்கலாம். காய் தீர்ந்துவிட்டால் எழுந்து கைகழுவிக்கொள்ள வேண்டியதுதான்.

சாமி பெரும்பாலும் பதில் சொல்லமாட்டார். ஆனால் சாம்பார் பிரமாதமாக இருக்கும் என்று சுற்றுவட்டாரத்தில் பேச்சு.

சாமிக்குப் பூவராகனைவிட இரண்டு மூன்று வயது குறைவாகத்தான் இருக்கும். பூவராகனுக்கு அது கொஞ்சம் உறுத்தியது. இருந்தாலும் பஸ் ஏறி வந்தாகிவிட்டது. அவரைக்காய்க் கூடையை இழுத்துப் போட்டுக்கொண்டு நார் உரிக்க உட்கார்ந்தான்.

விருத்தாசலத்தில் அவனுக்கு மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை. அது பிழைப்பு. உயிர் இருந்தது குஸ்தியில்.

மண்ணில் புரளும் நம்மூர்க் குஸ்தி இல்லை. டிவியில் வருமே, ஜிகினா உடுப்பு போட்ட வெள்ளைக்காரர்கள் கயிற்றுக்குள் நின்று கத்துவார்களே, அந்த ரெஸ்லிங்.

ஊருக்குள் கேபிள் வந்த புதிதில் அவனும் சற்குணமும் ஒன்பதாம் வகுப்பு. ஒரே பெஞ்சு. வீரர்களின் படமும் எடையும் மார்பளவும் அச்சடித்த சீட்டுக்கட்டை வாங்கி, நல்ல சீட்டுக்காகச் சண்டை போட்டு, சட்டை கிழித்து, மறுநாளே தோளில் கைபோட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்கள். பிள்ளைகுட்டி ஆனபிறகும் தோளில் போட்ட கை இறங்கவில்லை.

இப்போது பழைய ஆட்டமெல்லாம் கைபேசியில் கிடைக்கிறது. வினை அங்கேதான் பிடித்தது.

பூவராகன் ஒவ்வொரு ஆட்டத்தையும் எடுத்து, நிறுத்தி நிறுத்தி, கால்வாசி வேகத்தில் ஓட்டிப் பார்த்தான். பிறகு 'பழைய குஸ்தி ரசிகர் மன்றம்' என்ற வாட்ஸப் குழுவில் தன் அபிப்பிராயத்தைப் பேசி அனுப்பினான். மார்க்கும் போட்டான். கையை இறுக்கித்தான் போட்டான். சின்ன வயதில் விசில் அடித்துப் பார்த்த ஆட்டத்துக்கெல்லாம் பத்துக்கு மூன்று, மிஞ்சிப் போனால் மூன்றரை.

குத்து படவில்லை. உதை காற்றில் போனது. ரெஃப்ரி குனிந்து காதில் என்னவோ சொல்கிறார், கவனியுங்கள்.

குழுவில் அவனை ஜட்ஜய்யா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அது நேராகத் தலைக்கு ஏறியது. எதைப் பார்த்தாலும் ஓட்டை தெரிகிற நிலைமை வந்துவிட்டது. கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குவதைக்கூடக் கணக்குப் பண்ணினான்.

அப்படி ஒருநாள் வால்ரஸ் ஆட்டம் அவன் கையில் கிடைத்தது.

வால்ரஸ் என்பவன் மீசைக்காரத் தடியன். பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். எதிரில் ஜானி காமெட் என்கிற ஒல்லிப் பையன், வெள்ளிச் சட்டை போட்டவன், சற்குணத்தின் தெய்வம். ரெஃப்ரி அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் வால்ரஸ் இரும்பு நாற்காலியைத் தூக்கி காமெட்டின் முதுகில் போட்டான். காமெட் தோற்றான். அன்றைக்குச் சற்குணம் சாப்பிடவில்லை. மறுநாள் கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டான். இத்தனை வருஷம் கழித்தும், உலகத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல வேண்டுமென்றால் அந்த நாற்காலியைத்தான் உதாரணம் காட்டுவான்.

பூவராகன் அந்த ஆட்டத்துக்குப் பத்துக்கு ஒன்று போட்டான். நாற்காலி முதுகில் படவே இல்லை, நாலு விரல் இடைவெளி இருக்கிறது என்றான். அதற்கு முன்னால் இரண்டு பேரும் கையை அழுத்தி ஜாடை பேசிக்கொள்கிறார்கள் என்றான். அதோடு விட்டானா? இந்த நாடகத்துக்கு அழுது பரீட்சையில் பெயிலான மகான் நம் குழுவிலேயே இருக்கிறார் என்று சற்குணத்தின் பெயரையும் சொல்லிவைத்தான்.

குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. சற்குணம் மட்டும் குழுவைவிட்டுப் போய்விட்டான்.

அன்றிலிருந்து பேச்சில்லை. சற்குணம் கட்டிய புதுவீட்டுக்கு வருகிற வியாழக்கிழமை கிரகப்பிரவேசம். அஸ்திவாரம் தோண்டும்போது முதல் கடப்பாரை போட்டவன் பூவராகன். இப்போது கடைத்தெரு முழுக்கப் பத்திரிகை வைத்தாகிவிட்டது. சற்குணம் எதிர்க்கடைக்கு வைத்தான், பக்கத்துக்கடைக்கு வைத்தான், நடுவில் இருந்த கடையைச் சுவர் மாதிரி தாண்டிப் போனான். பூவராகன் கையில் ஸ்பேனரோடு எழுந்து நின்றவன் நின்றபடியே இருந்தான்.

இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் பாதிக் கூடை அவரைக்காய் தீர்ந்திருந்தது.

"நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்ல சாமி. நாற்காலி படல. அவனுக்கு அதப் புரியவைக்க ஒரு வழி சொல்லுங்க."

சாமி ஈரக்கையை வேட்டியில் துடைத்தார்.

"காட்டுங்க."

பூவராகன் ஆட்டத்தைக் கைபேசியில் பதிந்து வைத்திருந்தான். பரங்கிக்காயில் சாய்த்து வைத்து ஓடவிட்டான். மணி அடித்ததும் நிறுத்தி, இங்கே பாருங்கள் என்று ஆரம்பித்தான்.

"கைய எடுங்க."

எடுத்தான். கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தான், முடியவில்லை. அந்த உதை படவில்லை என்று விரலை நீட்டினான். சாமி அந்த விரலை மடக்கி, கையில் ஒரு அவரைக்காயைத் திணித்தார்.

காமெட் கயிற்றில் ஏறிக் குதித்தான். சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். வால்ரஸ் காமெட்டின் கண்ணில் பொடியைத் தூவினான். சாமி நாக்கைக் கடித்துக்கொண்டார். காமெட்டின் கழுத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வால்ரஸ் சுற்றிவந்தபோது சாமிக்கு மூச்சு முட்டியது. அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கிற வாசம் வந்தது, அவருக்கு உறைக்கவில்லை.

வால்ரஸ் நாற்காலியை எடுத்தான்.

"டேய், திரும்பிப் பாருடா," என்றார் சாமி கைபேசியைப் பார்த்து. ஆசிரமத்தில் அவர் குரல் உயர்ந்து அதுவரை யாரும் கேட்டதில்லை.

காமெட் திரும்பவில்லை. விழுந்தான். ஆட்டம் முடிந்தது. சாமி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பூவராகனுக்குப் பாவமாகப் போய்விட்டது. சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல், கவலைப்படாதீர்கள், எல்லாம் ஏற்பாடு என்று ஆறுதல் சொன்னான். கால்வாசி வேகத்தில் திருப்பி ஓட்டினான். நாலு விரல் இடைவெளியைக் காட்டினான். அதற்குமுன் வால்ரஸின் தடித்த விரல்கள் காமெட்டின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்துவதையும் காட்டினான்.

"இது என்ன?" என்றார் சாமி.

இப்படிக் கேட்க ஒரு ஆள் கிடைத்ததில் பூவராகனுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"அது ஜாடை சாமி. ஒரு அழுத்து அழுத்தினா, 'அடிக்கப் போறேன், நல்லாருக்கியா'னு கேக்கறான். இவன் திருப்பி அழுத்தினா, 'நல்லாருக்கேன், அடி'ன்னு அர்த்தம். ரெண்டும் கூட்டுக் களவாணிங்க."

"கேக்கறது யாரு?"

"வால்ரஸ்."

"அந்தப் பாவியா?"

"அவனேதான்."

சாமி பரங்கிக்காயில் ஒரு பத்தை நறுக்கினார். இன்னொரு பத்தை நறுக்கினார். பிறகு எழுந்து உள்ளே போய் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எந்திரிங்க."

"எதுக்கு சாமி?"

"நான்தான் வால்ரஸ்."

பூவராகன் சிரித்தான். சாமி சிரிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார். இல்லாத தொப்பையை முன்னால் தள்ளினார். இடதுகையால் பூவராகனின் மணிக்கட்டைப் பிடித்தார். வலதுகையால் நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கினார்.

பூவராகன் காத்திருந்தான். மணிக்கட்டில் ஒன்றும் நடக்கவில்லை.

"சாமி, அழுத்துங்க."

சாமி அழுத்தவில்லை.

"மறந்துட்டீங்க சாமி. மொதல்ல கைய அழுத்தணும்."

நாற்காலி இன்னும் ஒரு முழம் மேலே போனது. சாமியின் கண்ணைப் பார்த்தால் அவருக்கு மறந்தமாதிரி தெரியவில்லை. பூவராகனுக்கு வேர்த்தது. கையை உருவப் பார்த்தான், பிடி இரும்பாக இருந்தது.

"சாமி, அழுத்தாம அடிக்கக் கூடாது. அந்தத் தடியன்கூட அதச் செய்யமாட்டான். ஒருத்தன் நம்ம நம்பிப் பக்கத்துல நிக்கறான், அவன் கைய அழுத்தாம, நல்லாருக்கியான்னு ஒரு வார்த்த கேக்காம, அத்தன பேருக்கு முன்னாடி எடுத்து அடிச்சா அது—"

பூவராகனின் வாய் திறந்தபடி நின்றது.

சாமி நாற்காலியை இறக்கித் தரையில் வைத்தார். அதில் உட்கார்ந்தார்.

பூவராகன் மெல்ல உட்கார்ந்து மிச்ச அவரைக்காயை இழுத்துக்கொண்டான். உரித்த நாரும் காயும் அவன் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தன. அழுதுகொண்டிருந்தான் என்பதுதான் விஷயம். வெட்கப்படக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

அன்றைக்குச் சாம்பார் தீய்ந்துபோயிருந்தது. பூவராகன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். ஒரு குறையும் சொல்லவில்லை.

கிளம்பும்போது சாமி வாசல்வரை வந்தார். ஏதோ கேட்க நினைத்துத் தயங்குவது தெரிந்தது.

"அந்த காமெட் பையன், அப்புறம் திருப்பி அடிச்சானா?"

"அடிச்சான் சாமி. அடுத்த மாசமே. ஆனா அந்த ஆட்டம் அவ்வளவா—"

சாமி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

வியாழக்கிழமை பூவராகன் பத்திரிகை இல்லாமல் கிரகப்பிரவேசத்துக்குப் போனான். மனைவி வரமாட்டேன் என்றாள். அழையாத வீட்டில் நுழைய அவளுக்கு மனமில்லை. தனியாகத்தான் போனான். பந்தலில் வாடகை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கடைத்தெரு மொத்தமும் உட்கார்ந்திருந்தது. குழுவில் விழுந்து விழுந்து சிரித்தவர்களும் இருந்தார்கள்.

வாசலில் பட்டுவேட்டியோடு சற்குணம். பக்கத்தில் அவன் மனைவி கோமளவல்லி சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். பூவராகனைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மலர்ந்தது. புருஷன் முகத்தைப் பார்த்ததும் வாடியது.

பூவராகன் வழியில் மன்னிப்பு வாசகம் ஒன்று தயார் பண்ணியிருந்தான். நேரில் நின்றபோது முதல் வார்த்தையே வரவில்லை. சற்குணத்தின் கையைப் பிடித்தான். அழுத்தினான்.

பதில் இல்லை. கை மரக்கட்டையாக இருந்தது.

மறுபடி அழுத்தினான்.

பின்னால் வந்தவர்கள் வழிக்காக நின்றார்கள். பந்தலில் பேச்சு அடங்கிக்கொண்டு வந்தது. இவ்வளவுதான், திரும்பிப் போய்விடலாம் என்று பூவராகன் நினைத்தான். அந்த நினைப்பைத் தாங்கமுடியாமல் அங்கேயே நின்றான்.

சற்குணம் ஒருதடவை பந்தலை முழுக்கப் பார்த்தான். பிறகு பூவராகனின் மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை மற்றக் கையால் தூக்கினான்.

பெண்கள் பக்கம் யாரோ பதறி எழுந்தார்கள். நாற்காலி தலைக்குமேல் போனது. சற்குணத்தின் உதடு துடித்தது. இத்தனை நாள் கோபமும் அதில் இருந்தது.

பூவராகன் தன் மணிக்கட்டை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தான்.

ஒரு அழுத்து.

அவனும் திருப்பி அழுத்தினான்.

நாற்காலி நாலு விரல் தள்ளி இறங்கியது. பூவராகன் எகிறிப் போய், செருப்புக் குவியலில் மல்லாந்து விழுந்து, ஒருதடவை துள்ளி, கண்ணை மூடிக்கொண்டான்.

கோமளவல்லி கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஐயோ, அண்ணே, பட்டுச்சா?"

"பட்டுச்சும்மா," என்றான் பூவராகன்.