செண்பகத்தின் கடைவாய்ப்பல்

டாக்டர் அமலன் பதினேழு வருடம் பல் பிடுங்கியவர். அந்தக் கைக்கு யாரும் எதிர்ப்பேச்சு பேசியதில்லை. மேற்படிப்புக்காக மறுபடி மாணவராகச் சேர்ந்திருந்தார். உடலியங்கியல் சொல்லித்தந்த பேராசிரியை நூர்ஜஹான் அவரைவிட எட்டு வயது இளையவர்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு அமலன் தயங்கித் தயங்கி வந்தார்.

"மேடம், மரத்துப்போற ஊசி சில பேருக்கு ஏன் கேக்கறதில்ல?"

"யாருக்குக் கேக்கல?"

அமலன் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"நேத்து என் கிளினிக்குக்கு செண்பகம்னு ஒரு அம்மா வந்தாங்க. கடைவாய்ப்பல்லுக்கு அடியில சீழ். ரெண்டு ஊசி போட்டேன். குறடு வச்சதும் வலிக்குதுன்னு கத்தினாங்க."

"நீங்க?"

"ரெண்டு ஊசி போட்டாச்சு, வலிக்காது, நடிக்காதீங்கன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அவங்க கத்தல. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. பிடுங்கி முடிச்சதும்... சத்தம் போட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க சார்னு என்கிட்ட சொன்னாங்க."

சொல்லி முடித்தபோது வெட்கத்தில் காது மடல் சுட்டது. நூர்ஜஹான் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாக்பீஸை எடுத்து நீட்டினார்.

"வலி எப்படிப் போகுது? போடுங்க."

அமலன் கரும்பலகையில் நரம்பின் சவ்வை வரைந்தார். அதில் வரிசையாகச் சின்னக் கதவுகள்.

"பல்லை அசைச்சா முதல் கதவு திறக்கும். சோடியம் உள்ளே பாயும். அந்த வேகத்துல அடுத்த கதவு திறக்கும். அப்படியே வலி மேல ஏறும்."

"உங்க மருந்து?"

"கதவை அடைக்கும்."

"எந்தப் பக்கத்துல இருந்து?"

"உள் பக்கத்துல இருந்து. அதுக்கு மருந்து முதல்ல சவ்வைத் தாண்டி உள்ளே போகணும்."

"சீழ் இருந்தா?"

அமலனின் கை பலகையிலேயே நின்றது. எப்போதோ பரீட்சைக்குப் படித்து எழுதியது. பரீட்சையோடு அதை விட்டுவிட்டிருந்தார்.

"அந்த இடம் அமிலமா இருக்கும். மருந்துல மின்னேற்றம் வந்துடும். மின்னேற்றம் வந்த மருந்து சவ்வைத் தாண்டாது, பெரும்பங்கு வெளியவே நின்னுடும். கதவெல்லாம் திறந்துதான் இருக்கும்."

"அப்போ?"

"அப்போ அவங்களுக்கு நிஜமாவே வலிச்சிருக்கு."

சாக்பீஸைக் கீழே வைத்தார். பிறகு மெல்ல முகம் தெளிந்தது. காரணம் கிடைத்ததும் மனிதர் ஆளே மாறிப்போனார்.

"ஊசி நான் சரியாத்தான் போட்டிருக்கேன் மேடம். சீழ்தான் மருந்தை உள்ளே விடல. இன்னிக்குப் புண்ணைக் காட்ட அவங்க வர்றாங்க. இதை அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லிடறேன்."

"தாராளமா சொல்லுங்க" என்றார் நூர்ஜஹான். "மருந்து உள்ளே போகாததுக்குச் சீழ் காரணம். அவங்க வலிக்குதுன்னு சொன்னது உங்களுக்குள்ள போகலையே டாக்டர், அதுக்கு என்ன காரணம் சொல்லப்போறீங்க?"