பொம்மை மேடை

இதை நான் நேரில் பார்க்கவில்லை. பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் சொன்னார். அவருக்கும் யாரோ சொன்னதுதான். கேட்டபடியே எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. அதில் பட்டுப் பிரிவில் சேலை எடுத்துக் காட்டுபவர் அரசப்பன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கொஞ்ச காலமாக அவர் கை நடுங்கியது. விரித்துக் காட்டிய சேலையைத் திரும்ப மடித்தால் ஓரத்தோடு ஓரம் சேரவில்லை. உடம்பில் கோளாறு இல்லை, மூச்சுப் பயிற்சிக்குப் போங்கள் என்றார் டாக்டர். அப்படித்தான் மூச்சுப் பயிற்சி வகுப்பு நடத்தும் வேதவல்லியிடம் வந்து சேர்ந்தார். ஆசிரியைக்கு அவர் மகள் வயது. ஆனாலும் "அம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு நாள் வகுப்பு முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

"என்ன அண்ணே?"

"மூச்சு நல்லாத்தான் வருதும்மா. கடை வாசலை மிதிச்சதும் நின்னுடுது."

"அங்கே என்ன?"

சொன்னார். கடை திறக்கும் முன் மேலாளர் தில்லைராஜ் எல்லோரையும் கூட்டுவார். முந்தின நாள் குறைவாக விற்றவரை, சேலை கட்டிய பொம்மை நிற்கும் மேடையில் ஏற்றிவிடுவார். மற்றவர்கள் கைதட்ட வேண்டும்.

"என்னை ஏத்தி வச்சு, 'இந்தப் பொம்மையாவது நாலு பேரைக் கடைக்குள்ள இழுக்குது, அண்ணன் எதுக்கு நிக்கிறாரு?'ன்னாரும்மா. அந்த வாயை அடைக்க ஒரு வழி சொல்லுங்க. இல்லேன்னா வேலையை விட்டுடறேன்."

வேதவல்லி, பாய் சுருட்டிக்கொண்டிருந்தவர்களை நிறுத்தினாள். அரசப்பனை ஒரு பெஞ்சில் ஏறச் சொல்லிவிட்டு, மேலாளர் மாதிரியே கேட்டாள்.

"இந்தப் பொம்மையாவது நாலு பேரைக் கடைக்குள்ள இழுக்குது. அண்ணன் எதுக்கு நிக்கிறாரு?"

யாரும் அசையவில்லை. "எந்தப் பொம்மைங்க?" என்றார் ஒருவர். அரசப்பனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"வலிச்சுதா அண்ணே?"

"இல்லையேம்மா."

"அதே பேச்சுதானே?"

"இங்கே யாரும் கைதட்டலை."

"இன்னிக்கு அங்கே யார் ஏறினது?"

"பொற்கொடி. புதுசா வந்த புள்ளை. அழுதுடுச்சு."

"அப்ப உங்க கை என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சு?"

அரசப்பன் தன் கைகளைப் பார்த்தார்.

மறுநாளும் பொற்கொடிதான்.

"தங்கச்சிக்கு மேடை பிடிச்சுப் போச்சு போல. தட்டுங்க, தட்டுங்க!" என்றார் தில்லைராஜ்.

எல்லோரும் தட்டினார்கள். அரசப்பன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்ன அண்ணே, கை வரலையா? நாளைக்கு உங்களை ஏத்திடவா?"

"நாளைக்கு எதுக்கு சார்? இப்பவே ஏறிடறேன்."

ஏறினார். முழங்கால் சத்தம் போட்டது. அந்தப் பெண் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கீழே கைதட்டல் மெலிந்தது. சட்டைத்துணி அளக்கும் காதர், "அண்ணே, எனக்கு இடம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே ஏறினார். பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் ஏறிவிட்டார்கள்.

"ம், தட்டுங்க!" என்று தில்லைராஜ் தானே தட்டிக் காட்டினார். அந்தப் பெரிய கடைக்குள் அவர் சத்தம் மட்டும் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார்.

ஷட்டர் ஏறியது. கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்த ஒரு அம்மாள், "அடேங்கப்பா, வரவேற்பு பலமா இருக்கே!" என்றாள். மேடையில் இருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அதன் பிறகு யாரையும் மேடையில் ஏற்றவில்லை.

அரசப்பன் வகுப்புக்கு ஓடி வந்தார். "வாய் அடைஞ்சிருச்சும்மா!"

வேதவல்லி தரையில் கிடந்த ஜமக்காளத்தைக் காட்டினாள். "இதை மடிங்க அண்ணே."

மடித்தார். ஓரத்தோடு ஓரம் சேர்ந்தது.

"நான் வாயைப் பத்திக் கேட்கவே இல்லையே" என்றாள்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அந்தக் கடைக்கே போய்ப் பார்த்தேன். பொம்மை மேடையில் மூன்று பேருக்கு மேல் நிற்க இடமில்லை. பொற்கொடி இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். மற்றவர்கள் எங்கே நின்றார்கள் என்று கேட்டேன்.

"கீழேதான் நின்னாங்க. ஆனா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, மேனேஜரைப் பார்த்து."