ஆடாத சைக்கிள்

காரையூர் ஜமீன்தார் வீரபூபதி பட்டணத்திலிருந்து ஒரு சைக்கிள் வரவழைத்தார். அவர் ஏறி மிதித்தால் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெளிந்து நெளிந்து போயிற்று. வேடிக்கை பார்க்க வந்த ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஜமீன்தாருக்கு முகம் சிவந்துவிட்டது. வாசல் கூட்டும் சுடலியைக் கூப்பிட்டார்.

“நீ தரையைச் சரியாக் கூட்டாததாலதான் வண்டி ஆடுது. நாளைக்கும் ஆடிச்சுன்னா உனக்கு இங்கே வேலை கிடையாது!”

 சுடலி பணிவாகக் கேட்டாள்.

“கொஞ்சங்கூட ஆடக் கூடாதா எசமான்?”

“இம்மிகூட ஆடக் கூடாது!”

மறுநாள் ஜமீன்தார் வருவதற்குள், சைக்கிள் கைப்பிடியை நேராக வைத்து, திரும்பவே முடியாதபடி கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டாள்.

“இது என்ன கயிறு?”

“ஆட்டத்தைக் கட்டிப் போட்டிருக்கேன் எசமான்.”

ஜமீன்தார் பெருமையாக ஏறி மிதித்தார். வண்டி நேராகப் போயிற்று. உடம்பு லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. திருப்பப் பார்த்தார், கைப்பிடி அசையவில்லை. மாட்டுத்தொட்டியடிச் சேற்றில் தொபுக்கென்று விழுந்தார்.

“என்னடி பண்ணினே?”

“வண்டி ஆடலையே எசமான்! தடத்தைப் பாருங்க, நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. நேத்து வரைக்கும் நீங்க சாயுற பக்கமெல்லாம் சக்கரம் திரும்பி உங்களைத் தாங்கிச்சு. அந்த ஆட்டத்தைத்தானே நிறுத்தச் சொன்னீங்க?”

ஜமீன்தார் மீசைச் சேற்றை வழித்தார்.

“கயித்தை அவிழ்!”

“அவிழ்த்தா ஆடுமே எசமான்? என் வேலை போயிடுமே?”

அன்றும் வேடிக்கை பார்க்க வந்திருந்த கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

“போகாது,” என்றார் ஜமீன்தார் பல்லைக் கடித்துக்கொண்டு. “நல்லா ஆடட்டும்!”